மரத்துக்குக் காட்டும் கவனம் மாதருக்கும் வேண்டும்

ரப்பர் மரத்துக்கு வியாதி கண்டால் அதை மறைக்க எவரும் நினைப்பதில்லை. வெள்ளை வேர் நோய் ஒரு நிரையில் தலைகாட்டினால் மண்டோர் உடனே அறிவிக்கிறார். அடிமண்ணைத் தோண்டி வேரைப் பார்க்கிறார்கள். பக்கத்து மரங்களையும் பார்க்கிறார்கள். மருந்து வைக்கிறார்கள். கிராணி அதைக் கணக்கில் எழுதுகிறார். இலை மஞ்சளித்து மரம் சாயட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம் என்று எந்த நிர்வாகமும் காத்திருப்பதில்லை. மரம் சாய்ந்த பின் மருந்து இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

இந்த அறிவு வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1925-ம் ஆண்டில் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஸ்தாபிக்கப்பட்டது. ரப்பர் மீது விதித்த வரி அதன் செலவைத் தாங்கியது. அதன் சோதனைத் தோட்டம் நமது சிலாங்கூர் மாநிலத்தில், சுங்கை பூலோவில் அமைந்தது. எந்த மரம் அதிகப் பால் தரும், எந்தப் பட்டையை எத்தனை நாளுக்கு ஒரு முறை வெட்டலாம், எந்த நோய்க்கு எந்த மருந்து என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். அக்கழகம் உண்டாக்கிய 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' என்ற மர இனத்தை அறியாத வெட்டுக்காரர் இல்லை. அந்த வரிப் பணத்தில் பால் வெட்டிய மாதரின் வியர்வையும் கலந்திருந்தது என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மரத்துக்கு இத்தனை கவனம். நல்லது, வேண்டியதுதான். ஆனால் அந்த மரத்தை இருட்டோடு எழுந்து வெட்டும் மாதரையும் இதே போல உள்ளிருந்து அரிக்கும் வியாதி ஒன்று இருக்கிறது. அதுவும் வெளியே தெரியாமல் பல ஆண்டுகள் வேரில் கிடக்கிறது. அதையும் முன்கூட்டியே பார்த்தால் தடுத்துவிடலாம். அதையும் சாய்ந்த பின் பார்த்தால் பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய் என்பது அதன் பெயர். அந்த வியாதியைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பது என்ன, அந்த அறிவு யாரால் வந்தது, அது கோல சிலாங்கூரிலும் வட சிலாங்கூரிலும் உள்ள தோட்டங்களின் லயத்து வாசலுக்கு வந்து சேர என்ன செய்ய வேண்டும் என்பதே நாம் இங்கே எழுதப்போவது.

நோயின் வேர்

புற்றுநோய் என்றாலே விதி என்றும், கர்மவினை என்றும், செய்வினை என்றும் சொல்லிக் கைகட்டி நிற்பது நம்மில் பழகிப்போன வழக்கம். மற்றப் புற்றுநோய்களைப் பற்றி எப்படியோ, இந்த ஒன்றைப் பற்றி அப்படிச் சொல்ல இனி எவருக்கும் இடமில்லை. இதன் காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ஹரால்டு சூர் ஹாவுசன் என்பவரும் அவருடைய குழுவினரும் 1983-ம் ஆண்டிலும் 1984-ம் ஆண்டிலும், இந்நோய் கண்ட மாதரின் சதைத் துணுக்குகளில் ஒரு கிருமியின் இரு வகைகளைக் கண்டார்கள். அக்கிருமியை எச்.பி.வி. என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். அதன் 16-ம் வகையும் 18-ம் வகையுமே உலகில் இந்நோய் கண்ட நூறு பேரில் சுமார் எழுபது பேருக்குக் காரணம். இந்தக் கண்டுபிடிப்புக்காக 2008-ம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இந்தக் கிருமி தாம்பத்திய உறவின் வழியாகப் பரவுகிறது. ஆண்களிடமும் இருக்கும், பெண்களிடமும் இருக்கும். மணமான ஆண் பெண் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒரு முறையாவது இது தொட்டுச் செல்கிறது. தொட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரண்டு ஆண்டுகளில், எந்த மருந்தும் இல்லாமல், உடம்பே அதை விரட்டிவிடுகிறது. சிலரிடத்தில் மட்டும் அது தங்கிவிடுகிறது. தங்கிய இடத்தில் கருப்பையின் வாயிலுள்ள சதை மெல்ல மெல்ல மாறுகிறது. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குச் சாதாரணமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன.

பதினைந்து ஆண்டுகள் என்பதை வாசகர்கள் சற்று யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம். ஒரு ரப்பர் கன்று நட்டு, வளர்ந்து, பட்டை திறந்து, பல ஆண்டுகள் பால் கொடுக்கும் காலம் அது. அத்தனை காலத்தில் ஒரே ஒரு முறை தக்க சோதனை செய்து பார்த்திருந்தாலும் நோயை அதன் முளையிலேயே கண்டிருக்கலாம். முளையில் கண்டால், கெட்ட சதையை மட்டும் குளிரூட்டியோ சுட்டோ அகற்றும் சிறு சிகிச்சை போதும்; அநேகமாக அன்றே வீடு திரும்பலாம். முற்றிய பின் கண்டால் அறுவை, கதிர் சிகிச்சை, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி, பிள்ளைகள் தாயில்லாமல் வளரும் வீடு.

தடுக்கக்கூடிய இந்த வியாதி 2022-ம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் மாதரைப் பற்றியது. சுமார் 3 லட்சத்து 50 ஆயிரம் பேரைக் கொன்றது. இறந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் ஏழை நாடுகளையும் நடுத்தர நாடுகளையும் சேர்ந்தவர்கள். ஆகவே இது வெறும் உடம்பு நோயல்ல, ஏழ்மையின் நோயும் ஆகும் என்று நாம் சொன்னால் அது மிகையாகாது.

யார் உடம்பில் பிறந்த அறிவு?

இவ்வளவு அறிவும் எங்கிருந்து வந்தது? விஞ்ஞானிகளின் புத்தி கூர்மையால் வந்தது என்பது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தொழிலாளர் பத்திரிகை சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்?

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்துப் புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்து, அங்கேயே பாடுபட்ட கறுப்பினப் பெண் ஒருவர் இருந்தார். ஹென்ரியட்டா லாக்ஸ் என்பது அவர் பெயர். 1951-ம் ஆண்டில் கருப்பைவாய்ப் புற்றுநோயோடு பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவருடைய புற்றிலிருந்து, அவரைக் கேளாமலே, ஒரு துணுக்கை எடுத்து வளர்த்தார்கள். அதுவரை மனித உயிரணுக்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் நெடுநாள் வளர்க்க முடிந்ததில்லை. இவருடைய உயிரணுக்கள் மட்டும் சாகாமல் பெருகின. அந்த அம்மையார் அதே ஆண்டு அக்டோபரில், 31-ம் வயதில் இறந்தார். அவருடைய உயிரணுக்களோ உலகெங்கும் ஆராய்ச்சிச் சாலைகளுக்குச் சென்றன. போலியோ தடுப்பு மருந்தைச் சோதிக்கவும் உதவின. அவர் பெற்ற பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் இது தெரியாது. சூர் ஹாவுசன் குழுவினர் 18-ம் வகைக் கிருமியைத் தேடியபோது இந்த உயிரணுக்களுக்குள்ளும் அதைக் கண்டார்கள். 2021-ம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் அந்த அம்மையாரின் நினைவுக்கு மரியாதை செய்தது. எழுபது ஆண்டுகள் கழித்து வந்த மரியாதை அது.

அமெரிக்கா தூர தேசம் என்று நினைப்பவர்கள் தமிழ்நாட்டுக்கே வரலாம். நம்மில் பலருடைய பாட்டன் பாட்டிமார் பழைய மதுரை ஜில்லாவிலிருந்து கப்பலேறியவர்கள். அந்த ஜில்லாவிலிருந்து 1985-ல் பிரிந்ததே திண்டுக்கல் மாவட்டம். அங்கே அம்பிளிக்கை என்ற ஊரிலுள்ள சமூக சுகாதார நிலையத்தை ஆதாரமாகக் கொண்டு 2000-ம் ஆண்டில் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. பெரிய இயந்திரம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. பயிற்சி பெற்ற நர்ஸுகள், மிகவும் நீர்த்த காடியைக் கருப்பை வாயில் தடவிப் பார்த்தார்கள். கெட்டுப்போகத் தொடங்கிய சதை வெள்ளையாகத் தெரியும். தெரிந்தால் அந்த இடத்துக்கு உடனே சிகிச்சை. 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 கிராமத்து மாதருக்கு இந்தச் சோதனை அளிக்க முன்வந்தார்கள். 31,343 பேர் செய்துகொண்டார்கள். 2006-ம் ஆண்டு வரை கணக்குப் பார்த்தபோது, சோதனை அளிக்கப்படாத ஊராட்சிகளைவிட இந்த ஊராட்சிகளில் இந்நோயால் இறப்பது நூற்றுக்கு 35 பங்கு குறைந்திருந்தது. 2007-ல் வெளிவந்த இந்த முடிவை உலகமே கவனித்தது. ஏர் பிடிக்கும் குடும்பங்களின் மாதரை, நர்ஸுகளே காப்பாற்ற முடியும் என்று திண்டுக்கல் காட்டிவிட்டது.

மராட்டிய மாநிலத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1999-ம் ஆண்டில் தொடங்கியது இன்னொரு ஆராய்ச்சி. 1,31,746 கிராமத்து மாதர் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவுக்கு எச்.பி.வி. கிருமிச் சோதனை, ஒரு பிரிவுக்குப் பாப் ஸ்மியர் என்ற பழைய சோதனை, ஒரு பிரிவுக்குக் காடிச் சோதனை, ஒரு பிரிவுக்குச் சோதனை எதுவும் இல்லை, வழக்கமாகக் கிடைக்கும் வைத்தியம் மட்டும். எட்டாண்டு கழித்துப் பார்த்தார்கள். கிருமிச் சோதனைப் பிரிவில் 34,126 பேரில் இந்நோயால் இறந்தவர் 34 பேர். சோதனையில்லாத பிரிவில் 31,488 பேரில் இறந்தவர் 64 பேர். வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த கிருமிச் சோதனை மரணத்தை ஏறக்குறையப் பாதியாக்கிவிட்டது. 2009-ல் வெளிவந்த இந்த முடிவுக்குப் பின்தான், பல நாடுகள் பழைய சோதனையிலிருந்து கிருமிச் சோதனைக்கு மாறும் எண்ணம் வலுப்பெற்றது.

அந்த அறுபத்து நான்கு பேரை நாம் மறக்கலாகாது. சோதனை கொடுக்காமல் ஒரு பிரிவை வைத்திருந்தது முறைதானா என்ற கேள்வி பின்னர் வைத்திய உலகிலேயே எழுந்தது. அக்காலத்தில் இந்திய கிராமங்களில் இச்சோதனை எவருக்கும் கிடைக்கவில்லை. ஆகையால் அவர்களுக்கு இருந்த எதையும் நாங்கள் பறிக்கவில்லை என்று ஆராய்ச்சியாளர் தரப்பில் பதில் வந்தது. எந்தப் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். இந்தக் கேள்வி பணக்காரர் வீட்டு மாதரைப் பற்றி எழவே எழாது. ஏழை வீட்டு மாதரைப் பற்றித்தான் எழுகிறது.

தடுப்பூசியின் கதையும் இப்படியே. 2009-ல் இந்தியாவில் 10 முதல் 18 வயதுள்ள பெண்பிள்ளைகளிடம், மூன்று ஊசி வேண்டுமா, இரண்டு போதுமா என்று சோதிக்கும் ஆராய்ச்சி தொடங்கியது. அதே சமயம் ஆந்திராவின் கம்மம் பகுதியிலும் குஜராத்திலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டம் பெரும் சர்ச்சையில் சிக்கியது. பெற்றோரின் சம்மதத்துக்குப் பதிலாக மாணவியர் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தது வெளியாயிற்று. சில பிள்ளைகளின் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணை கூறியது. ஆனால் சம்மதம் வாங்கிய முறையில் குறை இருந்ததை மறுக்க முடியவில்லை. இதனால் 2010-ல் எல்லா ஊசியும் நிறுத்தப்பட்டன. பல ஆயிரம் பிள்ளைகள் ஒரே ஊசியோடு நின்றார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் அந்த ஒரே ஊசியும் 16, 18-ம் வகைக் கிருமிகள் உடம்பில் தங்காமல் நன்றாகவே காத்திருந்தது. இது போன்ற சான்றுகளைக் கொண்டுதான் ஒரே ஊசியும் போதுமானதாகலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ல் அறிவித்தது.

புகையிலைத் தோட்டத்துப் பெண், திண்டுக்கல் கிராமத்துத் தாய், உஸ்மானாபாத் குடியானவப் பெண், இந்தியப் பள்ளிப் பிள்ளை. இவர்களின் உடம்பில்தான் இந்த அறிவு விளைந்தது. விளைந்தது உழைப்பாளி நிலத்தில். அறுவடை மட்டும் பட்டணத்து மாளிகைக்குப் போவதா? அந்த அறிவில் தோட்டத்து மாதருக்கு உள்ள பங்கு தர்மமல்ல, உரிமை என்பதே நமது வாதம்.

நமது நாட்டில் உள்ளது என்ன?

மலேசியாவில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். பாப் ஸ்மியர் சோதனை இந்நாட்டில் 1969 முதல் இருந்துவருகிறது. 2010-ம் ஆண்டு முதல், இடைநிலைப் பள்ளி முதலாம் படிவத்தில் சேரும் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அரசாங்கம் எச்.பி.வி. தடுப்பூசியை இலவசமாகப் போட்டுவருகிறது. ஸ்காட்லாந்து நாட்டில் 12, 13 வயதில் இந்த ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்நோய் காணப்படவில்லை என்று 2024-ல் வெளியான கணக்கு கூறுகிறது. நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பாக்கியம் கிட்டும் நாள் தூரத்தில் இல்லை.

2018-ம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை வூ யின் லிங் அவர்களும் ஆஸ்திரேலிய நிபுணர்களும் 'ரோஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார்கள். வைத்தியர் முன்னே படுக்க வேண்டிய சங்கடமில்லை. மெல்லிய பஞ்சுக் குச்சி ஒன்றைக் கொடுப்பார்கள். திரைமறைவில் சென்று தாமே மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம். சில நிமிட வேலை. கிருமி உண்டா இல்லையா என்ற முடிவு கைத்தொலைபேசிக்கு வருகிறது. இல்லை என்று வந்தால் ஐந்து ஆண்டுக்குக் கவலையில்லை. உண்டு என்று வந்தால், அது புற்றுநோய் என்று அர்த்தமல்ல. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு முறை பார்க்க வேண்டும் என்றே அர்த்தம். 2019 முதல் சுகாதார அமைச்சும் கிருமிச் சோதனையைப் படிப்படியாக அரசாங்கக் கிளினிக்குகளில் புகுத்திவருகிறது.

இத்தனை இருந்தும், 2007-ம் ஆண்டுத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பார்த்தால் மலாய், சீன, இந்திய மாதர் என்ற மூன்று பிரிவில் இந்நோயின் விகிதம் இந்திய மாதரிடமே அதிகமாக இருந்தது. இரத்தத்தில் என்ன வேற்றுமை? ஒன்றுமில்லை. மருந்துக்கும் வீட்டுக்கும் இடையேயுள்ள வழியில்தான் வேற்றுமை.

ஒரு நாள் பேர்

வட சிலாங்கூர்த் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இந்த வழி தெரியும். புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம், அப்பால் கோல குபு பாரு, கெர்லிங், கலும்பாங் என்று நீளும் இந்தப் பகுதியில் ரப்பர் காடு பலவும் செம்பனைக் காடாகிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரெசரும் பல இடங்களில் பழங்கதை. அரசாங்கக் கிளினிக் சாலையோரச் சிற்றூரில் இருக்கிறது. லயமோ செம்மண் பாதை முடியும் இடத்தில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் புருஷன் கையில். பஸ் வரும் நேரம் பஸ்காரருக்கே வெளிச்சம்.

காலையில் பெரட்டுக்கு நிற்க வேண்டிய பெண் கிளினிக்குக்குப் போனால் அன்றையப் பேர் போயிற்று. 2025 முதல் மாதச் சம்பளம் 1,700 வெள்ளிக்குக் குறையலாகாது என்பது சட்டம். 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி. நோயில்லாத உடம்பைப் பார்த்து வர 65 வெள்ளியும் பஸ் காசும் செலவழிக்க எந்த வீட்டில் மனம் வரும்? "எனக்கென்ன நோய், டாக்டரிடம் போக?" என்று அக்காமார் கேட்பது அறியாமையால் அல்ல, கணக்குத் தெரிந்ததால். நோய் விடுப்பு என்பது வைத்தியர் சான்றோடு நோயாளிக்குக் கிடைப்பது. நோய் வராமல் காத்துக்கொள்ளப் போகிற நாளுக்கு எந்த விடுப்பு? இங்கேதான் சங்கம் பேச வேண்டியிருக்கிறது.

வெட்கம் யாருக்கு?

இன்னொரு தடையும் உண்டு. அது நிர்வாகத்தால் வந்ததல்ல. நம்முடைய வீட்டுக்குள்ளேயே இருப்பது. கிருமி தாம்பத்திய உறவால் பரவுகிறது என்று கேட்டதும் சில ஆண்பிள்ளைகள் மனைவியைச் சந்தேகக் கண்ணால் பார்க்கிறார்கள். இது மூடத்தனம். கிருமி இருபது ஆண்டுக்கு முன்பே வந்து ஒளிந்திருக்கலாம். எவரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. புருஷன் தன் உடம்பில் எந்த அடையாளமும் இல்லாமலே அதைச் சுமந்து வந்திருக்கலாம். ஒழுக்கத்துக்கும் இந்தச் சோதனைக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. மனைவியைச் சோதனைக்கு அழைத்துச் செல்லும் கணவனே மானமுள்ளவன். தடுப்பவன் தன் பிள்ளைகளின் தாயைப் பணயம் வைக்கிறான்.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. தீட்டு நின்று போன பின் இரத்தம் பட்டாலும், மாதாமாதம் வருவதற்கு இடையே இரத்தம் பட்டாலும், உறவுக்குப் பின் பட்டாலும், துர்நாற்றத்தோடு வெள்ளை பட்டாலும், 'சூடு' என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். உடனே கிளினிக்குக்குச் செல்லுங்கள். இந்த அடையாளம் எதுவும் இல்லாதவர்களும், 30 வயது கடந்திருந்தால், சோதனை செய்துகொள்ளுங்கள். அடையாளம் தோன்றும் முன் பார்ப்பதில்தான் இதன் பயன் முழுவதும் இருக்கிறது. தடுப்பூசி போட்ட பெண்ணும் பின்னாளில் சோதனை செய்துகொள்ள வேண்டும்; ஊசி எல்லா வகைக் கிருமியையும் தடுப்பதில்லை.

நாம் கேட்பது

உலக சுகாதார ஸ்தாபனம் 2020 நவம்பரில் ஓர் இலக்கு வகுத்தது. 2030-க்குள் ஒவ்வொரு நாட்டிலும் 15 வயதுக்குள் நூற்றுக்கு 90 பெண்பிள்ளைகளுக்கு ஊசி. 35 வயதுக்குள் ஒரு முறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் நூற்றுக்கு 70 மாதருக்குச் சோதனை. நோய் கண்டவரில் நூற்றுக்கு 90 பேருக்குச் சிகிச்சை. இதையே நாம் தோட்டக் கணக்காக மாற்றிக் கேட்கிறோம்.

முதலாவது, சோதனைக்குச் செல்லும் நாளுக்கு முழுச் சம்பளம். ஐந்து ஆண்டுக்கு ஒரு நாள். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் முதலாளிமார் முன் இதை வைக்க வேண்டும். ஐந்து ஆண்டில் ஒரு நாள் பேர் போடுவதால் எந்தத் தோட்டமும் நஷ்டப்பட்டுவிடாது. வேர் நோய்க்கு வைக்கும் மருந்தின் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இரண்டாவது, மாதர் சோதனைக்கு வருவதற்குப் பதிலாகச் சோதனை மாதரிடம் வரட்டும். தாமே மாதிரி எடுக்கும் முறை வந்துவிட்ட பின், தோட்டத்து ஆயாக்கொட்டகையோ கோவில் மண்டபமோ போதும். ஒரு நர்ஸ், ஒரு திரை, ஒரு பெட்டி. சுகாதார இலாகா ஆண்டுக்கு ஒரு முறை இதைத் தோட்டந்தோறும் செய்ய வேண்டும். இந்தோனேசிய, வங்காளத் தொழிலாளர் குடும்பங்களின் மாதரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிருமி பாஸ்போர்ட் பார்த்து வருவதில்லை. அடையாளப் பத்திரம் சரியாக இல்லாத நம் சொந்தத் தாய்மாரையும் அதன் காரணமாகத் திருப்பி அனுப்பலாகாது.

மூன்றாவது, 'உண்டு' என்று முடிவு வந்தவரை நடுவழியில் கைவிடலாகாது. கிள்ளான், செலாயாங், சுங்கை பூலோ ஆகிய ஊர்களின் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போய்வரத் தோட்டம் வண்டி கொடுக்க வேண்டும். சோதித்துவிட்டுச் சிகிச்சை கிட்டாமல் விடுவது, சோதிக்காததைவிடக் கொடியது.

நான்காவது, எதுவும் தமிழில் விளக்கி, சம்மதம் கேட்டே நடக்க வேண்டும். கம்மத்தில் நடந்தது எங்கும் நடக்கலாகாது. பெண்பிள்ளையின் ஊசிக்குத் தாய் தந்தை கையெழுத்திட வேண்டிய தாளை அவர்கள் படித்து அறியும் மொழியில் கொடுக்க வேண்டும். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியபோது ஊசி தவறிய பிள்ளைகளையும், இடையில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளையும் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஐந்தாவது கோரிக்கை நிர்வாகத்திடமல்ல, நம் கிராணிமாரிடமும் மாதர் பகுதியினரிடமும். பேர்ப் புத்தகத்தை ஒரு நாளும் தவறாமல் எழுதும் கிராணிமாருக்கு, தோட்டத்தில் 30 முதல் 65 வயதுக்குள் எத்தனை மாதர் என்று எழுதுவது பெரிய காரியமல்ல. யார் சோதனைக்குப் போனார், யார் இன்னும் போகவில்லை என்பது வரை அவர்கள் எழுதட்டும். முடிவு என்ன என்பதை மட்டும் எழுதலாகாது. அது அந்தப் பெண்ணுக்கும் வைத்தியருக்கும் மட்டுமே உரியது. ஸ்டோர் வாசலில் அது பேச்சாகிவிட்டால் அடுத்த ஆண்டு ஒரு பெண்ணும் திரை மறைவுக்குள் போகமாட்டாள். மாதர் பகுதியினர் வீடு வீடாகச் சென்று பேச வேண்டும். வைத்தியர் பத்து முறை சொல்லிக் கேளாதவர், தன்னோடு ஒரே நிரையில் வெட்டும் அக்கா ஒரு முறை சொன்னால் கேட்பார்.

இவை ஆகாயக் கோட்டையல்ல. இந்த மாநிலத்துத் தோட்டங்களில் மலேரியா ஒரு காலத்தில் தொழிலாளரைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. ஒவ்வொரு தொழிலாளியையும் பார்த்து 'ஜாக்கிரதையாக இரு' என்று சொன்னதால் அது ஒழியவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தார்கள், வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள், எண்ணெய் தெளித்தார்கள், கொய்னா கொடுத்தார்கள். அரசாங்கமும் தோட்டமும் செலவழித்தன. அப்போது குறைந்தது மரணம். கருப்பைவாய்ப் புற்றுநோயும் அப்படியே குறையும். தனிப் பெண்ணின் தலையில் பாரத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்பதால் குறையாது.

தோழர்களே, தாய்மாரே! மரம் முதலாளியுடையது, ஆகவே அதன் வேரைத் தோண்டிப் பார்க்க முதலாளிக்கு ஆள் உண்டு, மருந்து உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு. மாதரின் உயிர் நம்முடையது. அதற்கு ஆளும் மருந்தும் கணக்கும் உண்டாக்குவது சங்கத்தின் கடமை. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். அதற்கு முன், வீட்டில் 30 வயது கடந்த தாய், மனைவி, அக்கா, அத்தை யாருக்கேனும் இந்தச் சோதனை ஆயிற்றா என்று இன்றே கேளுங்கள்.